கதவின் பிணைச்சல் பக்கம் நிற்கும் மணி

கேள்வி:

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 34 வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். வயது 67. கணவர் பக்டரியில் டீமேக்கராக இருந்தவர், வயது 72. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில். மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் எங்கள் நாய் மணியும்தான். மணிக்கு 13 வயது. ஐந்தாறு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி வீடு முழுக்க நடக்கிறான். கதவு திறக்கும் பக்கம் நிற்காமல் பிணைச்சல் பக்கம் போய் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். சில நாள் குசினியிலேயே மூத்திரம் போய்விடுகிறான். தண்ணீரும் நிறையக் குடிக்கிறான் போலிருக்கிறது. நொண்டுகிறானே என்று இவர் தன்னுடைய வலி மாத்திரையில் பாதியை இரண்டு முறை கொடுத்துவிட்டார். மகன், "ஊசி போட்டு அனுப்பிடுங்க, இல்லாட்டி யாருக்காவது குடுத்துட்டு கொழும்புக்கு வாங்க" என்கிறான். சின்ன வயதில் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராக் குடும்பம் இந்தியாவுக்குப் போனபோது, அவர்களுடைய நாய் பூட்டிய கதவடியில் நாள்கணக்காகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். என்னால் முடியாது. அப்புறம் இன்னொன்று. இவரும் இப்போது சிலதை மறக்கிறார். போன வாரம் மகளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "தாத்தாவும் மணியும் ஒரே மாதிரி ஆயிட்டாங்க" என்று பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் என்ன செய்வது, டாக்டர்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஐயாவின் மாத்திரையை மணிக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பாசத்தில்தான் கொடுத்திருக்கிறார், அவரைத் திட்டாதீர்கள். ஆனால் நாம் முழங்கால் வலிக்கு விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கிவிடும், சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நமக்குச் சின்ன அளவாகத் தெரிவது அவனுக்குப் பெரிய அளவு. மணி வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மாத்திரையின் அட்டையையும் கையில் எடுத்துப்போங்கள். பெனடோலும் வேண்டாம். வலி இருக்கும் இடத்தில் சித்தாலேப தைலம் பூசுவதும் வேண்டாம். அவன் அதை நக்கி விழுங்குவான், அதிலிருக்கும் கற்பூரம் அவனுக்கு ஆகாது. நாய்களுக்கென்றே வலி மாத்திரைகள் இருக்கின்றன. இரத்தம் பார்த்துவிட்டு, எடைக்கு ஏற்றபடி கொடுப்போம்.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "பிணைச்சல் பக்கம்" என்ற அந்த இரண்டு வார்த்தைதான். எத்தனையோ பேர் எங்களிடம் வந்து "நாய்க்கு வயசாயிடுச்சு, ராத்திரியில கத்துது" என்று மட்டும் சொல்வார்கள். நீங்கள் 34 வருடம் பிள்ளைகளைக் கவனித்த கண்ணால் அவனையும் கவனித்திருக்கிறீர்கள். 13 வருடமாக அதே கதவால் போய்வந்த நாய் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மறப்பது, மூலைக்குள் புகுந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் நிற்பது, பகலில் தூங்கி இரவில் நடப்பது, பழகின இடத்தை விட்டு வீட்டுக்குள் மூத்திரம் போவது எல்லாம் கிழட்டு நாய்களுக்கு வருகிற மூளைத் தளர்ச்சியின் அடையாளங்கள். மனிதருக்கு வரும் அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அதே வகைப் புரதம் முதிய நாய்களின் மூளையிலும் படிகிறது. ஆகவே நீங்கள் பயந்தது வீண் பயம் இல்லை.

ஆனால் டீச்சர், அந்த முடிவுக்கு நாங்கள் கடைசியாகத்தான் வருவோம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு, அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. "வயசு" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. என் தொழிலில் நான் பார்த்த பெரிய அநியாயம், அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வதுதான்.

தண்ணீரில் தொடங்குவோம். நிறையக் குடிக்கிறான் "போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அளந்துவிடலாம். காலையில் ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் எடுத்து அவன் கிண்ணத்தில் ஊற்றுங்கள், முடிய முடிய அதிலிருந்தே ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து எழுதி வையுங்கள். வெளியில் பீலித் தண்ணீரோ வாளித் தண்ணீரோ குடிக்க விடக்கூடாது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அது அதிகம். மணி 15 கிலோ என்றால் ஒன்றரை லீற்றர். அதைத் தாண்டினால் சிறுநீரகக் கோளாறா, நீரிழிவா என்று பார்த்தே ஆக வேண்டும். நாய்க்கும் நீரிழிவு வரும், இன்சுலினும் போடுவோம். இரவில் மூத்திரம் முட்டிக்கொண்டு வருவதால் எழும்பி, கதவைத் தேடி, இருட்டில் வழி தெரியாமல் நிற்கிற நாயும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு மூளை போய்விட்டது என்று முடிவு கட்டினால் பாவம் அல்லவா?

எடையைப் பார்ப்பதற்கு ஐயா அவனைத் தூக்க வேண்டாம், அவர் முழங்கால் தாங்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்ட டிவிசனில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் சாக்குக்குள் வைத்து நாய்க்குட்டி நிறுத்தோம். கொழுந்து எடுக்கும் அக்காமார் சாக்குக்கு எவ்வளவு கழிப்பது என்று சண்டைக்கு வந்தார்கள். மணியின் வயதில் அதெல்லாம் சரிவராது, கிளினிக்கில் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது கண். பகல் வெளிச்சத்தில் அவன் கண்மணியைப் பாருங்கள். இலேசான நீலப் புகை மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் வயதோடு வருகிற மாற்றம், பார்வையை அவ்வளவாகத் தடுக்காது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் புரை. ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: பஞ்சு உருண்டையை அவன் முன்னால் மேலேயிருந்து விடுங்கள். பஞ்சு விழும்போது சத்தம் வராது. கண் அதைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். காதும் மந்தமாகியிருக்கலாம். அப்படியானால் தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடுவான். பக்கத்தில் தரையைக் காலால் தட்டினால் அதிர்வில் எழும்புவான்.

கடி என்றதும் ஞாபகம் வருகிறது. விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா? மாதக்கணக்காக மெல்ல மெல்ல வருகிற மாற்றம் விசர் நோய் இல்லை, அந்த நோய் காட்டத் தொடங்கினால் நாய் பத்து நாளைக்குள் இறந்துவிடும். அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள், கிழட்டு நாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் வலி. நொண்டுகிறான் என்கிறீர்கள். தென்மேல் பருவமழை தொடங்கி வைகாசியிலிருந்து புரட்டாசி வரை உங்கள் பக்கம் தரை காய்வதே இல்லை. தை, மாசியில் பனி. சிவப்புச் சீமெந்துத் தரையில் படுத்து எழும்பும் நாய்க்கு மூட்டு பிடிக்காமல் என்ன செய்யும்? வலி உள்ள நாய் ராத்திரியில் ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் எழும்பி நடக்கும். மூட்டு வலிக்குச் சரியான மருந்து கொடுத்த பிறகு இரவு நடையே நின்றுபோன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். உண்ணியையும் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதற்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. தலை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றிச் சுற்றி விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் முதலில் காட்டுங்கள். அவர்கள் பசுமாடுதான் பார்ப்பார்கள் என்று தயங்காதீர்கள். இன்னும் பரிசோதனை வேண்டுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பேத்தி சிரித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள், அடுத்த முறை வரும்போது அவளிடமே சொல்லி, ராத்திரி மணி நடப்பதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கிளினிக் மேசையில் எல்லா நாயும் பயத்தில் ஒரே மாதிரித்தான் நிற்கும். நீங்கள் இரண்டு மணிக்குப் பார்க்கிறதை நாங்களும் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் இல்லை, மூளைத் தளர்ச்சிதான் என்று வந்தாலும் கைவிட வேண்டியதில்லை. செலிஜிலின் என்று ஒரு மாத்திரை நாய்களுக்குக் கொடுப்பார்கள், சிலதுக்கு நல்ல மாற்றம் தெரியும். வேறு மருந்துகளோடு சேரும்போது ஆபத்தாகலாம் என்பதால் வைத்தியர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். நோய் மாறாது. மெதுவாகும்.

மருந்தைவிட வீடு முக்கியம். கட்டில், அலுமாரி, கதிரை எதையும் இடம் மாற்றாதீர்கள். மணியின் தலையில் இருக்கிற வீட்டு வரைபடம் பழையது, அதை நீங்கள் மாற்றினால் அவன் தொலைந்துபோவான். அவன் நடக்கும் வழியில் வழுக்காமல் சாக்கு விரித்துவிடுங்கள். படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்தி, விறகடுப்புப் பக்கம் வையுங்கள், சூடு மூட்டுக்கு நல்லது. குசினியிலும் நடையிலும் சின்ன நைட் பல்ப் ஒன்று எரியட்டும். குசினியில் மூத்திரம் போனால் அதட்டாதீர்கள். ஏன் அதட்டுகிறீர்கள் என்றே அவனுக்கு விளங்காது, பயம் மட்டும்தான் மிஞ்சும். பகலில் முழுக்கத் தூங்க விடாமல் காலை வெயிலில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். ரொட்டித் துண்டைச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். மூக்குதான் பெரும்பாலும் கடைசி வரை நிற்கும், மூக்குக்கு வேலை கொடுத்தால் மூளைக்கும் வேலை. அந்த ரொட்டியில் வெங்காயச் சம்பல் ஒட்டியிருக்கக்கூடாது, வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டுத் தலை போட்டுச் சோறு பிசைகிற வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், உப்பு கூடாது.

இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போய் மூத்திரம் போக விடுங்கள். கழுத்தில் கயிறு, கையில் டோர்ச். தனியாக மட்டும் கதவைத் திறந்து விடாதீர்கள். தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாட்டம் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காதும் கேட்காமல் வழியும் தெரியாமல் இருட்டில் நிற்கிற கிழட்டு நாயை அது விட்டுவைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு நச்சரிக்கிறானே என்று வெளியே விட்டு, காலையில் நாயைக் காணாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இனி ஐயாவைப் பற்றி. நான் மிருக வைத்தியன், மனிதருக்கு வைத்தியம் சொல்வது என் எல்லை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி கடைசி நாலு வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மணிக்குச் சொன்ன அதே பேச்சுத்தான், டீச்சர். "வயசு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மகளைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுவது தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை, எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆனால் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, தெரிந்த பாதையில் தடுமாறுகிறாரா, பென்சன் கணக்குப் பார்ப்பதில் தடுமாற்றம் இருக்கிறதா? இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நீரிழிவு கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். அவர் மெட்போமின் மாத்திரை பல வருடமாகக் குடிக்கிறார் என்றால் அதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். நெடுங்காலம் அதைக் குடிக்கிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அது குறைந்தால் மறதியும் வரும், கால் விறைப்பும் வரும். என் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு வருடமாக "வயசு" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. நாய்க்கு இரத்தம் எடுத்துப் பார்க்கிறவன் பெற்றவளுக்குப் பார்க்கச் சொல்லவில்லை. பி12 ஊசி போடத் தொடங்கி சில மாதத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. தைரொயிட், சீனி இறங்குவது, காது மந்தம், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று பார்க்க வேண்டிய காரணங்கள் அவருக்கும் உண்டு, அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்கு மணி எழும்பினால் உங்கள் இருவருக்கும் தூக்கம் போகிறது. ஐந்தாறு மாதம் ஒழுங்காகத் தூங்காத 72 வயதுக்காரருக்குப் பகலில் பெயர் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

இன்னும் ஒன்று, மணியோடு அவர் நடந்த நடை நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் திரும்பத் தொடங்கட்டும். மணியின் வேகம் இப்போது அவர் முழங்காலுக்குப் பொருத்தமான வேகம். காலில் செருப்பு மட்டும் போதாது, சப்பாத்தும் மேசும் போடட்டும், வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரர் காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கக்கூடாது. இரவில் எழும்பும்போது முதலில் விளக்கு, பிறகு கால். இருட்டில் நாய் மேல் இடறி விழுந்து இடுப்பு முறிந்தால் அது இந்த வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அப்பா அம்மா ராத்திரித் தூக்கம் இல்லாமல் தனியாகக் கிடக்கிறார்களே என்ற கவலையைத் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறார். ஆனால் மணியை வேறு வீட்டுக்குக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இந்த நிலையில் உள்ள நாய்க்குப் புது வீடு என்பது கதவே இல்லாத வீடு. கொழும்புக்குக் கூட்டிப்போவதும் சுலபம் இல்லை, மலைக் குளிரில் 13 வருடம் வாழ்ந்தவன் அந்த வெக்கையில் தொடர்மாடிக்குள் தவித்துப்போவான். போகத்தான் வேண்டுமென்றால் அவன் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், அந்த வாசம் ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வீடாக இருக்கும்.

அந்தப் பூட்டிய காம்பராவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கமும் எண்ணிப் பிரித்தன. தலைமன்னாருக்கு ரயில் ஏறியவர்கள் சட்டி பானையைக் கட்டினார்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்தை விட்டுப் போனார்கள். நாயைக் கப்பலில் ஏற்ற முடியாது. எங்கள் தோட்டத்துப் பாட்டிமாரும் இதே கதையைச் சொல்வார்கள், நாயின் பெயர் மட்டும் மாறும். அந்த நாய்க்கு நீங்களும் உங்கள் அம்மாவும் சோறு வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஞாபகத்தால்தான் மணியைக் கொடுக்க முடியவில்லை என்றால், அதைப் பலவீனம் என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். மகனிடம் இந்தக் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள்.

ஊசி என்பது வேறு. அதை நான் எதிர்க்கவில்லை, வேதனை தீராத நாய்க்கு அது கருணைதான். ஆனால் அதற்கு நேரம் வந்துவிட்டதா என்பதை ராத்திரி இரண்டு மணிக் களைப்பில் முடிவு செய்யக்கூடாது. சுவரில் இருக்கும் கலண்டரில் ஒவ்வொரு நாள் இரவும் ஒரு அடையாளம் போடுங்கள். சாப்பிட்டான், தானே எழும்பினான், உங்களைப் பார்த்து வாலாட்டினான் என்றால் நல்ல நாள். இல்லை என்றால் கெட்ட நாள். வைத்தியம் செய்தும் கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போனால் அப்போது வைத்தியரோடு உட்கார்ந்து பேசுவோம். அன்றைக்கு நீங்கள் இருவரும் அவன் பக்கத்தில் இருப்பீர்கள். பூட்டிய கதவடியில் அவன் கிடக்கப் போவதில்லை.

இப்போதைக்கு அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம். தண்ணீர்க் கணக்கை மூன்று நாள் எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகிற காலையில் அவனுடைய முதல் மூத்திரத்தைப் பிடிக்க ஒரு பழைய அகப்பையை ஒதுக்கி வையுங்கள், நீண்ட பிடி இருந்தால் குனிய வேண்டியதில்லை. அவன் காலைத் தூக்கும்போது பின்னாலிருந்து சத்தமில்லாமல் நீட்டினால் போதும், இரண்டு மேசைக்கரண்டி கிடைத்தால் தாராளம். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் ஊற்றி, மூடியில் நேரத்தை எழுதி, ஓரிரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஐயாவின் பி12 எவ்வளவு என்றும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.